ஒன்பது பாட்டும் ஓர் ஒலிபெருக்கியும்

காதலைப் பற்றி மனித குலம் இதுவரை பாடியதெல்லாம் வெறும் ஒத்திகை. உண்மையான பாட்டு கேமரன் மலையிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று காலம் தீர்மானித்திருந்தது. புறப்பட்டும் விட்டது. ஒன்பது பாடல்கள், இருநூறு பென்டிரைவ்கள். அவற்றில் நூற்று எண்பத்தாறு திவாகரின் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

திவாகர் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது முப்பத்தொன்று. கொழுந்து ஏற்றி வரும் லோரிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது வேலை. மற்ற நேரத்தில் கவிஞன், இசையமைப்பாளன், பாடகன், கிட்டார்க் கலைஞன். இந்த நால்வரும் ஒரே ஆள்தான் என்றாலும் ஆல்பத்தின் அட்டையில் நான்கு வரியில் நான்கு பேராகத்தான் இருந்தார்கள்.

ஆல்பத்தின் பெயர் ‘உன் ஜன்னலில் என் குளிர்’. எல்லாம் மென்மையான காதல் பாடல்கள். யாரோ காதோரம் மூச்சு விடுவது போன்ற குரல். அது தன் தனிப் பாணி என்று திவாகர் சொல்லிக்கொண்டான். பக்கத்து வீட்டுத் திலகம் அக்கா விடியற்காலை வேலைக்குப் போகிறவர், சத்தம் கேட்டால் பலகைச் சுவரைக் கையால் குத்துகிறவர், ஆகவே ஒன்பது பாட்டையும் இரண்டு கம்பளிக்குள் புகுந்துதான் பாட வேண்டியிருந்தது என்ற விவரம் அட்டையில் இல்லை.

ஏழாவது பாட்டில் மட்டும் குரல் கம்பளியை மீறிவிட்டது. ‘வா’ என்று காதலியை அழைக்கும் இடம். பதினான்கு விநாடி நீளும். ஒன்பதாவது விநாடியில் உடையும். அது உணர்ச்சியால் உடைந்தது என்று திவாகர் சொன்னான். அன்றைக்குத் திலகம் அக்கா சுவரை மூன்று முறை குத்தினார்.

வெளியீட்டு விழா கோயில் மண்டபத்தில் நடந்தது. கோயில் தலைவர் சின்னையா பொன்னாடை போர்த்தி நாற்பது நிமிடம் பேசினார். தேயிலையின் வரலாறு, தமிழரின் ஒற்றுமை, இனிப்பு நீர் வியாதி ஆகிய மூன்றையும் தொட்டார். பாட்டைத் தொட நேரமில்லை. முதல் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் யாரோ “சாப்பாடு ரெடி” என்றார்கள்.

அதைப் பற்றித் திவாகர் கவலைப்படவில்லை. அந்த ஒன்பது பாட்டும் ஊருக்காக எழுதியவை அல்ல. மோகனாவுக்காக எழுதியவை.

மோகனா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அங்கே மிஸி என்பார்கள். போன வருஷம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த திவாகரின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டவள். போடும்போது “வலிக்குதா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒன்பது பாட்டு எடுத்தது திறமைதான்.

விழாவுக்கு மறுநாள், ‘உனக்கு’ என்று அட்டையில் தன் கையால் எழுதிய ஒரு பென்டிரைவை ஆஸ்பத்திரிக்கே போய்க் கொடுத்தான். மோகனா, “ஓ, தேங்க்ஸ்லா” என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு வரிசையில் அடுத்து நின்றவரை, “வாங்க அங்கிள், கைய நீட்டுங்க” என்றாள்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை.

“நேர்ல போயி கேட்டுத் தொலையேன்டா,” என்றார் அம்மா நீலா.

“கலைஞன் கேக்கக் கூடாதும்மா. காத்திருக்கணும்.”

“எது வரைக்கும்? அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகற வரைக்குமா?”

“பாட்டு அவ மனசுல மெதுவா எறங்கும். நீங்க கேட்டீங்கல்ல, எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பாட்டுலயே தூங்கிட்டேன். இந்தத் தூக்க மாத்திரையெல்லாம் இனிமே வேணாம்னு இருக்கேன்.”

பதிமூன்றாம் நாள் மாடசாமி அண்ணன் வந்தார். அதே லயத்தில் குடியிருப்பவர். காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்து, “கிராணி, ஒன் பாட்டு கேட்டேன்யா,” என்றார்.

“எங்கண்ணே?”

“கோலா தெர்லாவுல. காய் ஏத்தப் போனேன். அந்த செல்வராஜு இல்ல, அவரு கெபுன்ல மரத்துல பெரிய ஸ்பீக்கர் கட்டி வெச்சிருக்காரு. ராத்திரி பூராவும் ஒன் பாட்டுதானாம். நான் போறப்பகூட ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

திவாகரின் கையில் இருந்த சீட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. செல்வராஜு மோகனாவின் அப்பா. கோலா தெர்லாவில் அவர்களுடைய கெபுனுக்கு, அந்தக் காய்கறித் தோட்டத்துக்கு, மேலேதான் வீடு.

“ஸ்பீக்கர் கட்டியா?”

“ரெண்டு.”

திவாகர் யோசித்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். மரத்தில் ஒலிபெருக்கி ஏறினால் அதற்கு இரண்டே காரணம்: திருவிழா, அல்லது கல்யாணம். கோலா தெர்லாவில் இப்போது திருவிழா இல்லை.

மகள் பாட்டைக் கேட்டிருக்கிறாள். கேட்டு அழுதிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா ஊரறிய ஒலிபெருக்கி கட்டிவிட்டார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்?

மூன்று நாள் கழித்து மாடசாமி ஒரு செய்தியோடு வந்தார். “செல்வராஜு ஒன்னு கேக்க சொன்னாரு. பாட்டுக்குப் பாட்டு நடுவுல கொஞ்சம் சும்மா இருக்காம். அந்த கேப் இல்லாம ஒரேயடியா ஓடற மாரி செஞ்சு தர முடியுமான்னு கேட்டாரு.”

“மூனு செகண்டுதான்ணே கேப்பு.”

“அதத்தான் சொல்றாரு. அந்த மூனு செகண்டுல பிரச்சனை ஆயிருதாம்.”

மூன்று விநாடிப் பிரிவைக்கூட அவளால் தாங்க முடியவில்லை! திவாகர் அன்றே உட்கார்ந்து ஒன்பது பாட்டையும் மூச்சு விடாமல் ஒட்டினான். ஒரு பாட்டில் சொல்லத் தயங்கிய காதலன் அடுத்த பாட்டில் தடாலென்று போய் விழுந்தான். பரவாயில்லை.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி. “சத்தம் பத்தலையாம். நீ என்னா, யாருக்கும் தெரியாம பாடறாப்ல பாடியிருக்க? அந்த ஏழாவது பாட்டு இருக்குல்ல, அதுல ஒரு எடத்துல கத்துவியாமே…”

“கத்தலண்ணே. அழைக்கிறேன்.”

“அதான். அது ரொம்ப நல்லா வேல செய்யுதாம். அத மட்டும் நெறைய போட்டு ஒன்னு கேட்டாரு.”

திவாகருக்குக் கண்கலங்கிவிட்டது. உலகத்தில் ஒரு மனிதராவது ஏழாவது பாட்டின் உச்சத்தைப் புரிந்துகொண்டார். அந்தப் பதினான்கு விநாடியை நூற்று இருபது முறை ஒட்டி, ‘சிறப்புப் பதிப்பு’ என்று அட்டை போட்டு அனுப்பினான். அதைச் சரிபார்க்க ஒரு முறை ஓடவிட்டபோது திலகம் அக்கா சுவரைக் குத்தவில்லை. நேராகக் கதவுக்கே வந்துவிட்டார்.

“டே திவா, யாருக்குடா ஒடம்புக்கு முடியல?”

இதற்குமேலும் காத்திருக்க முடியாமல் திவாகர் தானா ராத்தாவுக்குப் போனான். இல்லாத இருமலை இருமிக்கொண்டு நின்றான். மோகனா கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் வாடி இருந்தாள்.

“தூங்கலையா?” என்றான், பாட்டுக் குரலில்.

“எங்க தூங்கறது? எல்லாம் உங்க பாட்டாலதான்,” என்றாள் மோகனா. “ராத்திரி பூரா. புது பதிப்பு ஒன்னு அனுப்பினீங்களாமே. அதுக்கப்புறம் சுத்தமா தூக்கமே போச்சு.”

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருமல் மருந்தை நீட்டினாள். அந்தக் கொட்டாவி அவனுக்குப் பெருமூச்சாகத் தெரிந்தது. மருந்துப் புட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் மாடசாமி லோரியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். வள்ளிக்கிழங்கு. இருபது கிலோ இருக்கும். “செல்வராஜு குடுத்தனுப்பினாரு. ரொம்ப சந்தோஷமாம்.”

நீலா மூட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சுற்றுலாக்காரர்கள் வரும் தோட்டத்து டீக்கடையில் வேலை செய்கிறவர். ஆளைப் பார்த்ததும் என்ன கேட்கப் போகிறான் என்று தெரிந்துவிடும்.

“பொண்ணு வீட்டுலேருந்து சீரு வந்திருச்சு,” என்றார். “இனிமேயும் நாம சும்மா ஒக்காந்திருந்தா மரியாதை இல்ல. ஞாயித்துக்கெழம பொண்ணு கேட்டுத் தட்டு எடுக்கறோம்.”

“அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிட்டாரு, கிழங்கு அனுப்பிச் சொல்லிட்டாரு. இன்னும் என்னடா, தந்தி அடிக்கணுமா?”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் கிளம்பியது. ஐந்து தட்டு, நீலா, மாடசாமி, திலகம் அக்கா, கிட்டாரோடு திவாகர். முன் சீட்டில் சின்னையா; கையில் நான்கு பக்க உரை. பன்னிரண்டு வரை நல்ல நேரம். பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கார்கள் மலைப்பாதை முழுக்க நின்றதில் நல்ல நேரம் அங்கேயே முடிந்துபோனது. சின்னையா உரையை மூன்று முறை ஒத்திகை பார்த்தார். மூன்றாவது முறை வேன் டிரைவர் இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார்.

செல்வராஜு வாசலில் வந்து நின்று எல்லாரையும் பார்த்தார். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, வாங்க வாங்க! நீங்கதான் தம்பியா? கையக் குடுங்க! எல்லாரும் பாக்கத்தானே வந்தீங்க?”

“ஆமாங்க மாமா,” என்றான் திவாகர். அங்கிள் என்று சொல்லத்தான் நினைத்திருந்தான்.

“மொதல்ல வாங்க, காட்டறேன்.”

“பொண்ணு?” என்று நீலா மெல்லக் கேட்டார்.

“டூட்டி முடிஞ்சு இப்ப வந்துரும். வீட்டுக்காரி கீழ்ப் பாத்தில இருக்கா. எனக்கு முட்டி வலி, நான் கீழ எறங்கறதில்ல. நீங்க இப்படி வாங்க.”

தட்டுகளை வேனிலேயே வைத்துவிட்டு எல்லாரும் அவர் பின்னால் போனார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே சரிவில் வள்ளிக்கிழங்குக் கொடி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. ஓரத்து மரத்தில் இரண்டு ஒலிபெருக்கி. கீழே பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாட்டுப் பெட்டி. பெட்டியில் செருகியிருந்தது திவாகரின் பென்டிரைவ்.

சின்னையா தொண்டையைச் செருமினார். “பெரியோர்களே, தாய்மார்களே. இசையால் இணையப் போகும் இரு குடும்பங்களின்…”

“இருங்க தலைவரே, நான் சொல்லிர்றேன்,” என்றார் செல்வராஜு. அவருக்கும் பேச நிறைய இருந்தது. “போன வருஷம் இந்தச் சரிவுல ஒரு கிழங்கு மிஞ்சல. பட்டாசு வெடிச்சேன். தகரம் தட்டினேன். ரேடியோவுல செய்தி வெச்சேன். முழுசா கேட்டுட்டுத்தான் போச்சுங்க. அப்ப ஒரு நாளு, தொவைக்கப் போட்ட மோகனா சட்டையில இந்தப் பென்டிரைவ் கெடந்துச்சு. சரி, இதையும் பாப்போம்னு போட்டேன். தம்பி கொரல் கேட்டதுதான். ஒன்னு பாக்கியில்லாம ஓடிருச்சுங்க!”

“எது ஓடிருச்சு?” என்றார் சின்னையா.

“காட்டுப் பன்னிங்கதான் தலைவரே.”

நீலா வேனில் இருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். மாடசாமி வேலியை ஆர்வமாகப் பார்த்தார்.

“அதுலயும் அந்த ஏழாவது பாட்டு இருக்கே,” செல்வராஜு திவாகரின் தோளைத் தட்டினார். “வா வான்னு நீங்க கூப்பிடறீங்க, அது அந்தப் பக்கம் பறக்குது. எப்படி தம்பி அந்தக் கொரல் எடுத்தீங்க?”

“கம்பளிக்குள்ள,” என்றான் திவாகர். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அம்மா பக்கம் திரும்பி, “போலாம்மா,” என்றான்.

அவனைக் காப்பாற்ற நினைத்த சின்னையா உரையின் இரண்டாம் பக்கத்துக்குத் தாவினார். “ஆகவே, மணமகளின் தந்தையார் மனமுவந்து…”

“மணமகளா? யாரு?” என்றார் செல்வராஜு.

நீலா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். இனி மறைத்து ஆவதொன்றுமில்லை. “நாங்க பொண்ணு கேட்டு வந்தோம்ங்க. உங்க மோகனாவ. நீங்க கிழங்கு அனுப்பினீங்களே…”

“அது பாட்டுக்கு அனுப்பினேன்மா.”

“அந்தப் பாட்டு உங்க பொண்ணுக்குப் பாடினது.”

செல்வராஜு ஒலிபெருக்கியைப் பார்த்தார். திவாகரைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். ஒரு வியாபாரியின் நிதானத்தோடு கேட்டார்:

“தம்பி, தொடர்ந்து எத்தன மணி நேரம் பாடுவீங்க?”

“எதுக்குங்க?”

“இல்ல, மழைல பெட்டி ரெண்டு தடவ கெட்டுப்போச்சு. ஆளே வீட்டோட இருந்துட்டா…” அவர் நீலாவின் பக்கம் திரும்பினார். “எனக்குச் சம்மதம்மா. ஆனா பொண்ணுதான் சொல்லணும்.”

பொண்ணு சரிவின் மேலே சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வேனில் இருந்த ஐந்து தட்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“மோகனா,” என்று தொடங்கினார் செல்வராஜு.

“கேட்டேன்பா.” அவள் நேராகத் திவாகரிடம் வந்தாள். “எனக்குன்னு பாடினதா?”

“‘உனக்கு’ன்னு எழுதியிருந்தேனே.”

“எல்லாத்துலயும் அப்படித்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்லா. அசதியில பையில போட்டு மறந்துட்டேன்.”

“பரவால்ல. நாங்க கெளம்பறோம்.”

“நில்லுங்க. ஸ்பீக்கர்ல ஒரு வார்த்தை வெளங்கல. ஊ…ன்னு காத்தடிக்கிற மாரிதான் கேக்கும். அதுல வார்த்தையெல்லாம் இருக்கா?”

திவாகர் தன்மானம் அடிபட்ட கலைஞனாக நிமிர்ந்தான். “ஒன்பது பாட்டுலயும் இருக்கு.”

“அப்ப ஒன்னு பாடுங்க. சும்மா, பேசற மாரி.”

“இங்கயா?”

“இங்கதானே தெனமும் பாடறீங்க.”

திலகம் அக்கா வேனுக்குப் போய்க் கிட்டாரை எடுத்துவந்து அவன் கையில் திணித்தார். “பாடுடா. இன்னிக்கி நான் சொவத்த குத்த மாட்டேன்.”

திவாகர் வேலிக் கட்டையில் சாய்ந்து மூன்றாவது பாட்டை எடுத்தான். கம்பளி இல்லை, அட்டை இல்லை, மூச்சுக் குரலும் வரவில்லை. அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது.

*நீ கடந்து போன பாதையில்*
*பனி கொஞ்சம் விலகி நிற்கிறது.*
*நான் ஒன்றும் சொல்லவில்லை,*
*சொன்னால் அது மூடிவிடும்.*

பாடி முடித்தபோது மாடசாமி தொப்பியைக் கழற்றியிருந்தார். சின்னையா உரையை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். மோகனாவின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆனால் இது வேறு சிவப்பு.

“இது எனக்கா?” என்றாள்.

“ஒன்பதும்.”

“இன்னொரு தடவ பாடுங்க.”

அவன் பாடினான். பாட்டு பாதியில் இருக்கும்போதே அவள் திரும்பி மேலே நடந்தாள். திவாகரின் குரல் தளர்ந்தது. அவள் வேன் கதவைத் திறந்தாள். வெற்றிலைத் தட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

நீலாவுக்கு அழுகை வந்துவிட்டது. செல்வராஜு திவாகரைக் கட்டிக்கொண்டார். “நிறுத்தாதீங்க மாப்ள, பாடுங்க! பொண்ணுக்கும் ஆச்சு, கெபுனுக்கும் ஆச்சு. இனிமே இந்தப் பக்கம் ஒரு பன்னி தலை காட்டுமா?”

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஏழாவது பாட்டுக்கு மாறினான். ‘வா’ என்று நீட்டினான். பதினான்கு விநாடியும் உடையாமல் நின்றது.

அப்போதுதான் கீழ்ப் பாத்தியிலிருந்து செல்வராஜுவின் மனைவி அம்மாக்கண்ணு, காலெல்லாம் சேறாக, கையில் மண்வெட்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“யாரு அங்க பாடறது? மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க!” என்றார். “ஒரு வாரமா இந்தப் பாட்டு கேட்டாத்தான் பன்னிங்களே எறங்கி வருது.”